வேட்டை நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இரண்டு கிரேக்கர்கள் சொன்ன பாடம்

ஒரே ஈற்றில் ஆறு குட்டிகள். எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இவற்றில் எது பெரிதானதும் நல்ல வேட்டை நாயாகும்? எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்காவது கொடுத்துவிடுவது? நாய் வளர்க்கும் எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. காதைப் பார், வாலைப் பார், நகத்தை எண்ணு, நிறத்தைப் பார் என்று ஆளுக்கொரு விதி சொல்வார்கள்.

இந்த விதிகளை எழுதி வைத்தவர்களில் மிகப் பழைய ஒருவர் செனொபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கர். அவருக்குச் சுமார் 500 ஆண்டுகள் கழித்து அர்ரியன் என்ற இன்னொரு கிரேக்கர் அதே தலைப்பில் இன்னொரு புத்தகம் எழுதினார். செனொபோனைத் தன் குருவாகவே நினைத்தவர் அர்ரியன். ஆனாலும் சில முக்கியமான இடங்களில் குருவின் விதியைத் திருத்தினார். காரணம் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. அவர் வீட்டில் வளர்ந்த ஒரு பெட்டை நாய்!

அந்த இரண்டு புத்தகங்களையும், அந்த நாயையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதல் புத்தகம்: செனொபோன்

செனொபோன் ஏதென்ஸ் நகரத்துக்காரர். சாக்ரடீசின் மாணவர். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரசின் கூலிப்படையில் சேர்ந்து இன்றைய ஈராக் பகுதி வரை போனார். இளவரசன் போரில் இறந்துவிட, நடுவழியில் மாட்டிக்கொண்ட கிரேக்க வீரர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்த தலைவர்களில் ஒருவர். பிற்காலத்தில் ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கில்லஸ் என்ற இடத்தில் ஸ்பார்ட்டாக்காரர்கள் கொடுத்த நிலத்தில் குடியிருந்தார். வேட்டைக்கு உரிய பெண் தெய்வமான ஆர்ட்டெமிசுக்கு அங்கே ஒரு கோயிலும் கட்டினார். ஆண்டுதோறும் அங்கே திருவிழா நடக்கும், அதற்காக வேட்டையும் நடக்கும்.

அவர் பெயரில் வந்திருக்கும் வேட்டை நூலின் கிரேக்கப் பெயர் 'கினெகெடிகோஸ்'. அந்தப் பெயருக்குள்ளேயே 'நாய்' என்ற சொல் இருக்கிறது. நாயை நடத்திச் செல்வதுதான் கிரேக்கருக்கு வேட்டை. இந்த நூலை எழுதியது செனொபோன்தானா என்று சில அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் அர்ரியனுக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை.

செனொபோன் காலத்து முயல் வேட்டையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாய் ஓடிப்போய் முயலைக் கவ்வும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. முயல் ஓடும் பாதைகளில் முன்னாடியே வலை கட்டிவிடுவார்கள். வலைக்குக் காவலாக ஓர் ஆள் நிற்பான். நாய்கள் மோப்பம் பிடித்து, படுத்திருக்கும் முயலைக் கிளப்பி, வலையை நோக்கி விரட்ட வேண்டும். ஆகவே நாயின் மூக்குதான் முதல், கால் அதற்கு அடுத்தது.

எந்த நாய் வேண்டாம்?

செனொபோன் நாய்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். ஒன்று கஸ்டோர் என்ற புராண வீரன் விரும்பி வளர்த்த இனம். இன்னொன்று நாயும் நரியும் கலந்து பிறந்த இனம் என்கிறார். இந்த இரண்டாவது செய்தி உண்மையாக இருக்க முடியாது. நாய்க்கு 78 குரோமோசோம்கள், ஐரோப்பாவின் செந்நரிக்கு 34 தான். முகம் நரி போல இருந்ததால் வந்த கதையாக இருக்கலாம்.

அதன் பிறகு கழித்துக்கட்ட வேண்டிய நாய்களின் பட்டியல் வருகிறது. நீளமான பட்டியல்! சிறிய உடம்பு, வளைந்த மூக்கு, சாம்பல் கண், கண் சிமிட்டிக்கொண்டே இருப்பது, விறைத்த உடம்பு, அடர்த்தியில்லாத முடி, மோப்பமின்மை, கெட்ட பாதம், கோழைத்தனம் என்று போகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்கிறார். சிறிய நாய் உடம்பு போதாமல் பாதியில் வேலையை விட்டுவிடும். மூக்கு வளைந்த நாய்க்கு வாய் சரியாக அமையாது, முயலைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பாதம் சரியில்லாத நாய் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் வலி தாங்காமல் நின்றுவிடும். சாம்பல் கண் நாய்க்குப் பார்வை மோசம், பார்க்கவும் அழகில்லை.

இந்தச் சாம்பல் கண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிறத்திலும் அவருக்கு ஒரு விதி உண்டு. முழுக்கச் செம்பழுப்பு, முழுக்கக் கறுப்பு, முழுக்க வெள்ளை என்று ஒரே நிறத்தில் இருக்கும் நாய் நல்ல சாதி அல்ல, அது காட்டு விலங்கின் அடையாளம் என்பது அவர் கருத்து. செம்பழுப்பு நாய்க்கும் கறுப்பு நாய்க்கும் முகத்தில் கொஞ்சம் வெள்ளை முடி இருக்க வேண்டும். வெள்ளை நாய்க்குக் கொஞ்சம் செம்பழுப்பு இருக்க வேண்டும்.

ஆனால் உடம்பை மட்டும் பார்த்து அவர் நிறுத்திவிடவில்லை. தடம் பிடிக்கும்போது நாய்கள் நடந்துகொள்ளும் விதத்தை அவர் விவரிப்பதைப் படித்தால், எத்தனை நாள் நாய்களின் பின்னால் நடந்திருப்பார் என்பது தெரியும். ஒரு நாய் காதை மட்டும் அசைக்கும். ஒன்று வாலைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஓடும். ஒன்று தடம் கிடைத்ததும் பைத்தியம் போலக் குரைத்து அந்தத் தடத்தையே மிதித்து அழித்துவிடும். இன்னொன்று தனக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் கண்டுபிடித்தது போல நடித்து மற்ற நாய்களை ஏமாற்றும். நல்ல நாய் தலையைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, தடத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து, கண்ணைச் சுழற்றி, வாலை ஆட்டிக்கொண்டு நேராகப் போகும்.

குட்டி வளர்ப்பு

குட்டி வளர்ப்பைப் பற்றி அவர் சொல்வது இந்தப் புத்தகத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று.

பெட்டை நாயைக் குளிர்காலத்தில் வேலை கொடுக்காமல் ஓய்வில் விட்டு இணை சேர்க்க வேண்டும். அப்போதுதான் வசந்த காலத்தை ஒட்டிக் குட்டி போடும். குட்டிகள் வளர அதுதான் ஏற்ற பருவம். சினைக்காலம் 60 நாள் என்கிறார். இன்றைய கணக்கு சுமார் 63 நாள். கருவியோ சோதனையோ இல்லாத காலத்தில் இவ்வளவு நெருக்கமான கணக்கு!

குட்டிகளைப் பெற்ற தாயிடமே விட வேண்டும், வேறு பெட்டையிடம் பால் குடிக்க விடக்கூடாது என்பது அடுத்த விதி. காரணம் என்ன தெரியுமா? தாயின் பாலும் நல்லது, தாயின் மூச்சும் நல்லது, தாய் அணைத்துக்கொள்வது குட்டிக்குப் பிரியமானது என்கிறார். போர்க்களத்தில் தளபதியாக இருந்த மனிதர் எழுதியது இது.

குட்டிகள் நடமாடத் தொடங்கியதும் ஓராண்டு வரை பாலும், பின்னாளில் தின்னப்போகும் அதே உணவும் கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறித் தீனி போட்டால் கால்கள் வளைந்துவிடும், உடம்பில் நோய் சேரும் என்று எச்சரிக்கிறார். இன்றைய கால்நடை மருத்துவர்கள் ஓராண்டு வரை பால் கொடுக்கச் சொல்வதில்லை. பால்குடி மறந்த பல நாய்களுக்குப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் தீனி விஷயத்தில் செனொபோன் சொன்னது சரிதான். பெரிய உடம்பு நாயினக் குட்டிகளுக்கு அதிகத் தீனியும் அதிகச் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்தால் எலும்புக் கோளாறு வரும் என்று இன்றும் சொல்கிறார்கள்.

பெயர்

நாய்க்குச் சின்னப் பெயராக வையுங்கள், அப்போதுதான் கூப்பிட எளிது என்கிறார். சொன்னதோடு நிற்காமல் 47 பெயர்களைப் பட்டியல் போட்டும் கொடுக்கிறார். சைக்கி என்றால் உயிர். லோங்கே என்றால் ஈட்டி. ஃபிலாக்ஸ் என்றால் காவலன். ஹெபே என்றால் இளமை. காரா என்றால் மகிழ்ச்சி. க்னோமே என்றால் அறிவு. ஹிப்ரிஸ் என்றால் திமிர்! பட்டியலின் கடைசிப் பெயர் ஹோர்மே. பாய்ச்சல், உந்துதல் என்று பொருள்.

இந்தக் கடைசிப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவது

பெட்டைக் குட்டியை 8 மாதத்திலும் ஆண் குட்டியை 10 மாதத்திலும் வேட்டைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார் செனொபோன். ஆனால் உடனே அவிழ்த்துவிடக் கூடாது. நீளமான வாரில் கட்டி, தடம் பிடிக்கும் பெரிய நாய்களுக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போக வேண்டும். முயல் கிளம்பினாலும், நல்ல ஓட்டத்துக்கு ஏற்ற துடிப்பான குட்டியைச் சட்டென்று விடக்கூடாது. முயல் கண்ணுக்கு மறைந்த பிறகே விட வேண்டும். ஏன்? பக்கத்தில் முயலைப் பார்த்துவிட்டால் குட்டி தன் சக்திக்கு மீறி ஓடும். எலும்பும் தசையும் இன்னும் இறுகாத வயது. உள்ளே ஏதாவது அறுந்துவிடும்.

இன்னும் சில குறிப்புகள்:

1. கழுத்துப்பட்டை மெத்தென்றும் அகலமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடி தேய்ந்து போகும்.

2. நாய் சாப்பிட மறுத்தால் அன்றைக்கு வேட்டைக்குக் கூட்டிப்போகக் கூடாது, உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

3. பலமான காற்று வீசும் நாளிலும் வேண்டாம், மோப்பம் கலைந்துவிடும்.

4. நரியைத் துரத்த விடக்கூடாது, அந்தப் பழக்கம் நாயைக் கெடுத்துவிடும்.

5. குட்டிக்கு வலைக்குப் பக்கத்திலேயே தீனி வைக்க வேண்டும். அனுபவம் இல்லாமல் வழி தவறிப் போனாலும் சாப்பாடு கிடைக்கும் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

6. கூடுமானவரை வேட்டைக்காரனே தன் கையால் தீனி வைக்க வேண்டும். பட்டினி கிடக்கும்போது அதற்கு யார் காரணம் என்று நாய்க்குத் தெரியாது. ஆனால் பசிக்கும்போது கொடுப்பவன் யார் என்று நன்றாகத் தெரியும், அவனிடம் பிரியம் வைக்கும்.

கடைசிக் குறிப்பு நாயின் மனதைப் புரிந்துகொண்ட ஒருவர் எழுதியது. ஆனால் இந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் இல்லை. 47 பெயர்கள் இருக்கின்றன, இது என் நாய் என்று சொல்லி ஒரு நாயைக் கூட செனொபோன் அறிமுகப்படுத்தவில்லை. எல்லாமே பொது விதி.

இரண்டாம் புத்தகம்: அர்ரியன்

அர்ரியன் இன்றைய துருக்கியில் உள்ள நிக்கோமீடியா நகரில் பிறந்தவர். எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஞானியின் மாணவர். ஆசிரியர் பேசியதைக் குறிப்பெடுத்து உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கப்படோக்கியா மாகாணத்தின் ஆளுநர். கி.பி. 135 வாக்கில் ஆலன்கள் என்ற குதிரைப்படை இனத்தின் படையெடுப்பைத் தடுத்தவர். அலெக்சாண்டரின் படையெடுப்பைப் பற்றி இன்று அதிகம் நம்பிப் படிக்கப்படும் வரலாறும் அவர் எழுதியதே.

தன்னை இன்னொரு செனொபோன் என்றே அவர் நினைத்தார். இருவரும் தத்துவ மாணவர்கள், படைத்தலைவர்கள், வரலாறு எழுதியவர்கள், வேட்டைப் பிரியர்கள். ஆகவே குருவின் வேட்டை நூலுக்குப் போட்டியாக அல்ல, அதில் விட்டுப்போனதை நிரப்பவே அதே பெயரில் ஒரு நூல் எழுதுவதாகச் சொல்கிறார்.

விட்டுப்போனது எது? கெல்ட்டு மக்களின் வேக நாய். அதற்கு வெர்ட்ராகஸ் என்று பெயர். ஒல்லியான நீண்ட உடம்பு, மோப்பத்தை விடக் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். தென் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மாதிரி நாயைக் கற்பனை செய்வது எளிது. செனொபோனுக்கு இப்படி ஒரு நாய் இருப்பதே தெரியாது என்று அர்ரியன் வாதிடுகிறார். அதற்கு ஆதாரமும் தருகிறார். முயலை நாய் ஓடிப் பிடிப்பது தற்செயல் என்று செனொபோன் எழுதியிருக்கிறார். கெல்ட்டு நாயைப் பார்த்திருந்தால், பிடிக்காமல் விடுவதுதான் தற்செயல் என்று எழுதியிருப்பார்!

சாம்பல் கண் நாய்

நாயைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் அர்ரியன் கண்ணைப் பற்றிப் பேசுகிறார். சிறுத்தை, சிங்கம் போல நெருப்பாக மின்னும் கண் முதல் தரம். கறுப்புக் கண் இரண்டாம் தரம். சாம்பல் கண் மூன்றாம் தரம். ஆனால் சாம்பல் கண் கெட்டதும் அல்ல, கெட்ட நாயின் அடையாளமும் அல்ல என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாக ஒரு நாயைக் கூட்டிவருகிறார். அவரே வளர்த்த நாய், சாம்பல் கண்ணிலேயே அசல் சாம்பல் கண்.

பெயர் ஹோர்மே! செனொபோன் பட்டியலின் கடைசிப் பெயர்.

வேகமானவள், உழைப்பாளி, தைரியசாலி, நல்ல பாதம் உடையவள், இளமையில் ஒரே நாளில் நான்கு முயல்களோடு ஓடியவள் என்று வேட்டைத் திறமையை முதலில் சொல்கிறார். அதற்குப் பிறகு எழுதியிருப்பது வேட்டை நூலில் யாரும் எதிர்பார்க்காதது. அவர் வீட்டில் இருந்தால் அவள் அவரை விட்டு நகர மாட்டாள். வெளியே கிளம்பினால் கூடவே வருவாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் அவர் முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும் வழியில் முன்னால் ஓடுவாள், ஆனால் அவர் வேறு தெருவில் திரும்பிவிடவில்லையே என்று அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அவரோடும், அவருடைய வேட்டைத் தோழர் மெகில்லசோடும் அவ்வளவு ஒட்டுதல். பசி என்றால் ஒரு குரல், வேறு எதுவும் வேண்டுமென்றால் வேறு குரல். இத்தனை விதமாகக் குரல் கொடுக்கும் நாயைத் தான் கண்டதில்லை என்கிறார்.

இதை எழுதும்போது ஹோர்மே உயிரோடு இருந்தாள். அவள் பெயர் பின்னால் வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெட்கப்படாமல் எழுதி வைப்பதாக அர்ரியன் சொல்கிறார். கிட்டத்தட்ட 1900 ஆண்டுகள் கழித்தும் அவள் பெயர் தெரிகிறது. 1831இல் வில்லியம் டான்சி என்பவர் இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். செனொபோன் சொன்ன விதியை அர்ரியன் அப்படியே பின்பற்றியிருந்தால் ஹோர்மே கழித்துக்கட்டப்பட்ட நாய்களில் ஒன்றாகியிருப்பாள். இத்தனைக்கும் அந்த விதியை எழுதியவர் அவர் மிகவும் மதித்த எழுத்தாளர். அப்படியிருந்தும் எழுத்தை நம்புவதா, கண் முன்னால் நிற்கும் நாயை நம்புவதா என்ற கேள்வியில் அர்ரியன் நாயின் பக்கம் நின்றார்.

ஒரே நிற நாய் வேண்டாம் என்ற விதியும் இப்படித்தான் போனது. முழுக் கறுப்போ முழு வெள்ளையோ, நிறத்தை வைத்து நாயைச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்.

சாட்டை

ஹோர்மேயைப் பற்றிய பகுதியில் ஒரு சிறிய செய்தி உண்டு. குட்டியாக இருந்தபோது அவளைத் திருத்தச் சில நேரம் சாட்டையால் அடித்திருக்கிறார்கள். வளர்ந்து இத்தனை ஆண்டு ஆன பிறகும் யாராவது 'சாட்டை' என்ற சொல்லைச் சொன்னால் போதும். சொன்னவரிடம் போய்ப் பதுங்கிக் கெஞ்சுவாள். முத்தம் கொடுப்பது போல வாயை வாயோடு வைப்பாள். தாவிக் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவர் கோபத்தை விடும் வரை விடமாட்டாள்.

அர்ரியன் இதை அவளுடைய அன்புக்கு அடையாளமாகத்தான் எழுதினார். இன்று படிப்பவருக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. குட்டிப் பருவத்தில் பட்ட அடி நாயின் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒரு சொல்லே அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. பழக்குவது என்றால் அடிப்பது என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய இடம் இது.

அர்ரியன் நூலில் பழக்கும் முறையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் வேறு மாதிரி. நாய் நன்றாக ஓடினால் குதிரையை விட்டு இறங்கி, தலையைத் தடவி, காதை மெல்ல இழுத்து, பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். மனிதர்களைப் போலவே நாய்களும் பாராட்டைப் புரிந்துகொண்டு மகிழும் என்கிறார். படுக்கை மெத்தென்றும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும். ஒரு மனிதரோடு படுத்துத் தூங்கினால் இன்னும் நல்லது. நாய்க்கு மனிதர்மேல் பிரியம் வளரும், இரவில் அதற்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் உடனே தெரியும். குதிரைக்குச் செய்வது போல நாயின் உடம்பையும் தினமும் தேய்த்துவிட வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்க அவர் தரும் குறிப்பும் குணத்தைப் பற்றியதே. எல்லா மனிதரிடமும் கடுகடுப்பாக இருக்கும் நாய் நல்ல சாதி அல்ல. மனிதரைக் கண்டு மிரளும் நாயும், சத்தம் கேட்டுப் பதறும் நாயும் சரிப்படாது. எந்த மனித முகத்தையும் அந்நியமாக நினைக்காத நாய்தான் சிறந்தது.

பழக்கும் வயதையும் தள்ளிப் போட்டார். பெட்டைக்கு 11 மாதம், உடல் நன்கு இறுகியிருந்தால் 10 மாதம். ஆண் நாய்க்கு முழுதாக 2 ஆண்டுகள்! ஆண் நாயின் உடம்பு இறுக அதிகக் காலம் பிடிக்கும் என்பது அவர் கவனித்தது. செனொபோன் சொன்ன வயதைவிட இது ஓராண்டுக்கும் அதிகம். வேகமாக ஓடும் இனம் என்பதால் ஆபத்தும் அதிகம். குட்டியை முதலில் விடும்போது, பழகிய நாய் ஒன்றையும் பின்னாலேயே விடச் சொல்கிறார். குட்டி தனியாக நெடுந்தூரம் ஓடி இளைத்துவிடக் கூடாது என்பதற்காக.

முயல் தப்பினால்?

குரு எழுதியதில் தனக்கு உடன்பாடு இல்லை என்று அர்ரியன் வெளிப்படையாகவே சொல்லும் இடம் ஒன்று உண்டு. முயலைத் தேடிக் கண்டுபிடித்துத் துரத்திப் பிடிப்பதைப் பார்ப்பவன் தான் ஆசைப்பட்ட வேறு எதையும் மறந்துவிடுவான் என்று செனொபோன் எழுதியிருந்தார். தேடுவதும் துரத்துவதும் சரி, ஆனால் முயல் பிடிபடுவது இன்பமான காட்சி அல்ல, மனதைக் கலங்கச் செய்யும் காட்சி என்கிறார் அர்ரியன்.

உண்மையான வேட்டைக்காரன் முயலைக் கொல்வதற்காக நாயை விடுவதில்லை, ஓட்டப் போட்டியைப் பார்க்கத்தான் விடுகிறான் என்பது அவர் கருத்து. முயலுக்கு முன்னால் ஓட இடம் கொடுக்க வேண்டும். ஒரு முயலுக்கு இரண்டு நாய்களுக்கு மேல் விடக்கூடாது. முயல் தப்பித்துவிட்டால் மகிழ வேண்டும். பல முறை குதிரையில் வேகமாகப் போய் உயிரோடு முயலை மீட்டு, நாயைக் கட்டிவிட்டு, முயலை ஓடவிட்டிருக்கிறார். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால், நல்ல போட்டியாளனை நாய்கள் கொன்றுவிட்டனவே என்று தலையில் அடித்துக்கொள்வாராம்.

கெல்ட்டு மக்களின் வழக்கம் ஒன்றையும் பதிவு செய்திருக்கிறார். பிடித்த ஒவ்வொரு விலங்குக்கும் ஆர்ட்டெமிஸ் உண்டியலில் அபராதம் போல ஒரு தொகை போடுவார்கள். முயலுக்கு 2 ஒபல் காசு, நரிக்கு 1 திராக்மா. (6 ஒபல் சேர்ந்தது 1 திராக்மா.) ஆண்டு முடிவில் அந்தப் பணத்தில் பலி விலங்கு வாங்கித் தெய்வத்துக்குப் படைத்து விருந்து வைப்பார்கள். அன்றைக்கு நாய்களுக்கும் மாலை போடுவார்கள், விழாவே அவற்றுக்காகத்தான் என்பது போல!

இந்திய நாய் ஒன்று

இந்தக் கிரேக்க உலகத்தில் இந்திய நாய்களுக்கும் இடம் இருந்தது. மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு இந்திய நாய்களைக் கொண்டுபோகச் சொல்கிறார் செனொபோன். அவருக்கு முந்தைய ஹெரோடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநரின் இந்திய நாய்களுக்குத் தீனி போடுவதற்காகவே நான்கு பெரிய கிராமங்களுக்கு மற்ற வரிகள் நீக்கப்பட்டிருந்ததாக எழுதினார்.

இவை எல்லாம் பெயரில்லாத நாய்கள். ஆனால் ஒன்றுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபாயூம் பகுதியில் செனோன் என்ற கிரேக்கப் பண்ணை மேலாளர் இருந்தார். அவரிடம் தௌரோன் என்ற இந்திய வேட்டை நாய் இருந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து எசமானனைக் காப்பாற்றி, பன்றியையும் கொன்று, தானும் செத்துப்போனது. அதன் கல்லறைக்காக எழுதிய இரண்டு கவிதைகள் ஒரு பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கின்றன. நாய்க்குப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்ற ஆசை அர்ரியனுக்கு முன்பே மனிதர்களுக்கு இருந்திருக்கிறது.

இன்று எது நிற்கிறது?

சாம்பல் கண் விதி நிற்கவில்லை. பிறந்து கண் திறக்கும்போது பெரும்பாலான குட்டிகளின் கண் நீலச் சாம்பலாகத்தான் இருக்கும். சில மாதங்கள் போனபிறகே உண்மையான நிறம் நிலைக்கும். கண் நிறத்தைப் பார்த்துக் குட்டியைக் கழிப்பது இரட்டைத் தவறு.

இளம் நாயை வேகமாக ஓடவிடாதே என்ற விதி இருவரிடமும் உண்டு, அது நிற்கிறது. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடும் வரை கடுமையான ஓட்டம் கூடாது என்பது இன்றைய மருத்துவம். பெரிய இனங்களுக்கு அது ஒரு வயதையும் தாண்டும்.

மனித முகங்களுக்குப் பழகிய நாயே சிறந்தது என்றார் அர்ரியன். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டி, பிறகு மனிதரிடம் ஒட்டுவது கடினம் என்பது அவர்கள் கண்டது.

வேட்டையே பல நாடுகளில் இன்று இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வேட்டையைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் முயல் துரத்தும் நாய்ப் போட்டிகளை நிறுத்தியது. புகழ்பெற்ற வாட்டர்லூ கோப்பைப் போட்டி கடைசியாக நடந்தது 2005இல். செனொபோனின் வலைகளுக்கும் அர்ரியனின் போட்டிக்கும் இனி வேலை இல்லை.

ஆனால் நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு புத்தகங்களும் சேர்ந்து சொல்வது இதுதான்: பெரியவர்கள் எழுதிய விதியைப் படியுங்கள், அதில் நிறைய அனுபவம் இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்கும் குட்டி அந்த விதியைப் பொய்யாக்கினால், குட்டியை மாற்றாதீர்கள். விதியை மாற்றுங்கள். அர்ரியன் அதைத்தான் செய்தார். தன் குருவின் மேல் வைத்திருந்த மரியாதை ஒரு துளியும் குறையாமல் செய்தார்.